முந்தத் தெரியாதவன்

விசில் ஊதுவதற்கு முன்பே கலைவாணனுக்குத் தெரிந்துவிட்டது, இந்த ஓட்டத்திலும் தான் தோற்கப்போகிறோம் என்று.

பக்கத்தில் நின்ற தீர்த்தகிரி பென்னாகரத்துக்காரன். போலீஸ் வேலைக்காகத் தினமும் ஓடி உடம்பை முறுக்கேற்றி வைத்திருந்தான். கலைவாணனுக்கோ முப்பது தாண்டிவிட்டது. அதியமான்கோட்டை டயர் கடையில் லாரிச் சக்கரங்களைக் கழற்றி மாட்டிய முதுகு இன்னும் வலித்தது.

"இதான் கடைசிங்க சார். இதோட ஓட்டத்தை விட்டுடறேன்" என்றான்.

"மொதல்ல ஓடு. அப்பறம் விடலாம்" என்றார் கோச் சந்திரமோகன். அவர் குரலிலும் அலுப்பு. கொஞ்ச நாளாகவே யார் யாரையோ தருமபுரி மைதானத்துக்கு வரவழைத்து ஓடவிட்டுப் பார்ப்பதும், பிடிக்காமல் திருப்பி அனுப்புவதுமாக இருந்தார். "ஆயிரத்தைந்நூறு மீட்டர். மாநிலப் போட்டிக்கு ஒரே ஒரு ஆளுதான் வேணும். வேற எதுவும் இப்பக் கேக்காதீங்க."

விசில் ஒலித்தது.

காலையிலேயே வெயில் ஏறியிருந்தது. மைதானத்தின் ஓரத்தில், வேப்பமர நிழலில் யுவராணி உட்கார்ந்திருந்தாள். காரிமங்கலத்துப் பெண். கோச்சிடம் பயிற்சி எடுப்பவள். ஓட்டத்துக்கான உடையில், குனிந்த தலையோடு, பாதையின் பக்கம் ஒரு காதைச் சாய்த்தபடி இருந்தாள்.

கடைசிச் சுற்றில் கலைவாணன் தீர்த்தகிரியை எட்டிப் பிடித்துவிட்டான். மூச்சு மிச்சமிருந்தது, காலிலும் தெம்பு இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் முந்திவிடலாம்.

ஆனால் பள்ளிக்கூட நாளிலிருந்து எது நடந்ததோ அதுவே நடந்தது. அவன் கால்கள் பக்கத்து ஆளின் கால்களோடு தாமாகவே சேர்ந்துகொண்டன. இருவர் ஓடுவது ஒருவர் ஓடுவதுபோலக் கேட்டது. 'போட்டிக்குப் போனாக்கூட பக்கத்துல வர்றவனுக்குத் துணைக்குப் போற மாதிரியே ஓடறீங்க' என்று மனைவி மேனகாகூடச் சொல்லிச் சிரிப்பாள்.

வளைவில் தீர்த்தகிரிக்குக் கால் இடறியது. யோசிப்பதற்குள் கலைவாணனின் கை நீண்டு அவன் முழங்கையைத் தாங்கிவிட்டது. தீர்த்தகிரி கையை உதறிவிட்டுப் பாய்ந்தான். இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு கோட்டைத் தாண்டினான். இரண்டு எட்டு பின்னால் கலைவாணன்.

புல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான் கலைவாணன். வருத்தம்கூட வரவில்லை. கடையைத் திறக்க வேண்டும் என்ற நினைப்பு மட்டும் வந்தது.

சந்திரமோகன் மரத்தடிக்குப் போய் யுவராணியிடம் ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

"கலைவாணா, நாளையிலிருந்து பயிற்சிக்கு வந்துடு."

தீர்த்தகிரிக்குச் சுருக்கென்றது. "சார், ஜெயிச்சது நானுங்க!"

"தெரியும்பா. இந்த வேகத்துல ஓடினா போலீஸ் வேலை உனக்குக் கண்டிப்பாக் கெடைக்கும். இந்த எடத்துக்கு நீ சரிப்பட மாட்ட."

கலைவாணனுக்கும் அது பிடிக்கவில்லை. பரிதாபம் என்றுதான் தோன்றியது.

"எம்மேல எரக்கப்பட்டு எதுவும் செய்யாதீங்க சார். எனக்கு ஜெயிக்கிற வெறியே இல்லைன்னு நீங்கதான எப்பவும் திட்டுவீங்க?"

"இப்பவும் அதையேதான்டா சொல்றேன்."

"பின்ன எதுக்குங்க என்னைய எடுத்தீங்க?"

"எடுத்தது நானில்ல. அந்தப் பொண்ணு." சந்திரமோகன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "எதுக்கு ஆளெடுக்கறோம்னு முன்னாடியே சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் அதுக்குத் தகுந்த மாதிரி நடிச்சிருப்பீங்க. அதான் சொல்லல."

மீண்டும் மரத்தடிக்குப் போனார். யுவராணி எழுந்து அவர் தோளில் கை வைத்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து வந்தாள். இன்னொரு கையில் ஒரு முழத்துக்கும் குறைவான கயிறு. அதன் இரண்டு முனைகளிலும் கை நுழையும் அளவுக்கு வளையம் போட்டிருந்தது.

"கலைவாணன் அண்ணனுங்களா?" என்று சற்றுமுன் அவன் குரல் வந்த பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"ஆமாம்மா."

"போன வருசம் என்னைக் கயித்துல கோத்துக் கூட்டிட்டு ஓடினவரு, கடைசியில வேகத்தை அடக்க முடியாம எனக்கு முன்னாடி கோட்டைத் தாண்டிட்டாருங்க. துணைக்கு ஓடறவரு முந்தினா செல்லாதுன்னு சொல்லி, மொதல்ல வந்த என்னையும் சேத்துத் தள்ளிட்டாங்க."

ஒரு வளையத்தைத் தன் விரல்களில் மாட்டிக்கொண்டு மற்றொன்றை நீட்டினாள். கலைவாணன் எழுந்து நின்றான்.

"ஜெயிக்கிற வெறி எங்கிட்டயே நெறைய இருக்குதுங்கண்ணா. கண்ணுதான் தெரியாது."