ரெண்டு பேர் வண்டி

“இதுல மூணாவதா ஒரு ஆள் நுழைய முடியுமாண்ணே?”

தையல்காரர் இப்படிக் கேட்டதும் மெக்கானிக் உஷாரானார். பழைய வண்டி வாங்க வருகிறவன் என்ன பதிலை எதிர்பார்க்கிறானோ அதைச் சொல்வதுதான் அவருடைய தொழில் தர்மம்.

“தாராளமா! சீட்டுக்குப் பின்னால ஒரு பலகை போட்டா ரெண்டு பசங்ககூட உக்காரலாம்.”

தையல்காரரின் முகம் தொங்கிப்போயிற்று.

“அட, சும்மா சொன்னேன்ப்பா. ஒரு பூனை வந்தாக்கூட மடியிலதான் வெச்சுக்கணும்.”

“அப்போ நானே எடுத்துக்கறேன்ணே!”

அந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒரு காலத்தில் சிவப்பாக இருந்தது. அது சீறி வந்தால் மழையே பயந்து இரண்டு தெரு தள்ளிப் பெய்யும் என்பார் மெக்கானிக். இப்போது தள்ளினால் ஓடும். அதுவும் இறக்கமாக இருந்தால். அதனால்தான் அதன் விலை ஒரு தையல்காரருக்கு எட்டுகிற உயரத்துக்கு இறங்கி வந்திருந்தது.

விற்றுவிட்டாரே தவிர, மெக்கானிக்குக்கு மனசு கேட்கவில்லை. தையல்காரரின் மனைவி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனதும், ‘இனிமே புருஷன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்’ என்று அங்கேயே உட்கார்ந்திருப்பதும் அவருக்குத் தெரியும்.

“ஏம்ப்பா, கட்டினவ அங்க கண்ணைக் கசக்கிட்டு உக்காந்திருக்கா. உனக்கு இப்போ ரேஸ் வண்டி கேக்குதா?”

“அவளைக் கூட்டிட்டு வரத்தாண்ணே வாங்கறேன்.”

“அதுக்குத்தான் பஸ் போகுதே!”

தையல்காரர் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்துவதும் திறப்பதும் மறுபடி சாத்துவதுமாக இருந்தார்.

மறுநாள் மெக்கானிக் பானெட்டைத் தூக்கினார். “எஞ்சினை எறக்கிடட்டுமா?”

“அது கிடக்குது, அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல கதவு இடுக்குல புது ரப்பர் போடுங்க. கூரைக்கும் கதவுக்கும் பஞ்சு வெச்சு நானே தெச்சுக்கறேன். ஆங், நடுவுல நீட்டிக்கிட்டு இருக்கே, இதை எடுத்துட முடியுமா? இடிக்குது.”

“யோவ், அது கியருய்யா!”

“வேணுமா?”

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார்.

“சரி, இருந்துட்டுப் போகட்டும். உள்ள சின்னதா ஒரு ஃபேன் மாட்டிடுங்கண்ணே.”

“ஓடற வண்டிக்கு ஃபேன் எதுக்கு? கண்ணாடியை எறக்கினா காத்து பிச்சுக்கிட்டு வரும்.”

“கண்ணாடியை எறக்க மாட்டோம்ணே.”

ஸ்பீடு எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்று கேட்காமலே ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய ஒரே மனிதர் உலகத்தில் இவராகத்தான் இருக்கும். பாவம், பொண்டாட்டி போன ஏக்கத்தில் ஏதோ ஆகிவிட்டது என்று மெக்கானிக் முடிவு கட்டினார். இந்த வண்டியை அந்தம்மா பார்த்தால் அதோடு குடும்பம் குட்டிச்சுவர்தான் என்றும் தோன்றியது.

வண்டி தயாரான அன்று தையல்காரர் தனியாக வரவில்லை. கூடவே அந்தம்மா, கையில் துணிப்பெட்டியோடு, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு. மெக்கானிக் அவசரமாக டயர் அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அந்தம்மா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினார். கண்ணாடிக்குப் பின்னால் வாய் மட்டும் அசைந்தது. கை நீட்டி, விரல் மடக்கி, யாரையோ வம்சத்தோடு வறுத்தெடுக்கிற மாதிரி இருந்தது. பிறகு கதவைத் திறந்தார்.

“வெளியில கேட்டுச்சாண்ணே?”

“ஒரு எழுத்துகூடக் கேக்கலம்மா,” என்றார் மெக்கானிக், தொழில் தர்மத்துக்கு விரோதமாக உண்மையையே.

அந்தம்மா புருஷனைப் பார்த்தார். மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. கண்ணும் கொஞ்சம் நனைந்திருந்தது.

“பெட்டியை எடுத்துக்கோங்க. நம்ம வீட்டுக்குப் போலாம்.”

மெக்கானிக் டயர் அடுக்கை விட்டு முன்னால் வந்தார். “ஒரே ஒரு நாள் பொறுங்க, காசே வேண்டாம், எஞ்சினைச் சரி பண்ணித் தரேன். ஓடாத வண்டியை வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணுவீங்க?”

தையல்காரர் அவரை ஓரமாக இழுத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“கயிறு கட்டி இழுத்துட்டு வந்து வாசல்ல விட்டுடுங்கண்ணே, போதும். வீட்ல பதிமூணு பேரு, ரூமு ரெண்டே ரெண்டு. கல்யாணமானதுலேர்ந்து நானும் அவளும் தனியா உக்காந்து ஒரு வார்த்தை பேசினதில்ல... இன்னொரு ரூம் கட்ட நமக்கு வசதி ஏது, இதுக்குத்தான் முடிஞ்சுது.”