ஒரேயொரு ஆட்சேபனை

“அந்த மலைய பசுமை வலயத்துல இருந்து எடுத்துருங்க மிஸ். ஓட்டல்காரங்க வந்து கட்டிக்கிட்டுப் போகட்டும்.”

திட்டமிடல் அதிகாரி சிவனேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். எதிரே நின்றவன் காத்தமுத்து, தெரணியகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் றப்பர் பால் வெட்டுபவன். ஆட்சேபனை சொல்ல அன்றுதான் கடைசி நாள். தோட்டமே கேட்டு வாங்கிய பசுமை வலயத்தை வேண்டாமென்று சொல்ல வந்தது இந்த ஒரு ஆள்தான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வவுனியாவிலிருந்து மாற்றலாகி வந்த நாள் முதல் அந்த மலைக்காகத்தானே கொழும்போடு மல்லுக்கட்டுகிறாள்!

“என்ன கதை கதைக்கிறீங்கள்? ஒருக்காச் சரிஞ்ச மலை. மண் தோண்டுற பெக்கோ மெஷின் ஏறி, திரும்பவும் சரிஞ்சா உங்கட லயத்து வீடுகள்தான் போகும்.”

“இனிமே போறதுக்கு என்னங்க இருக்கு.”

“லயத்துக்குக் குடிதண்ணி வாறதே அங்கயிருந்துதானே?”

“வருதுங்க. எனக்குத்தான் குடிக்க முடியல.”

எவ்வளவு திமிர் என்று நினைத்தாள் சிவனேஸ்வரி.

“ஓட்டலில வேலை தாறமெண்டு சொன்னவையோ?”

“இல்லீங்க.”

“அப்ப காசு?”

காத்தமுத்து இல்லையென்று தலையை ஆட்டினான். வாங்கினேன் என்று ஒப்புக்கொள்கிற ஆளை அவள் இந்த உத்தியோகத்தில் கண்டதேயில்லை. சரியான அழுத்தக்காரன்.

“உங்கட ஆக்கள் எல்லாரும் மலையைக் காப்பாத்துங்கோ எண்டு கும்பிடுகினம். நீங்கள் மட்டும் விக்க நிக்கிறீங்கள். வெக்கமா இல்லையோ?”

“அவங்க கேக்குறதும் நாயந்தாங்க. அவங்களுக்குப் புள்ளகுட்டி இருக்கு.”

“இனி அந்த மலையில ஆரும் மண்வெட்டி வைக்கேலாது. அவ்வளவுதான். போயிட்டு வாங்கோ.”

அவன் போகவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அத்திவாரத்துக்கு ஆழமாத் தோண்டுவாங்கல்லங்க? மலை சரிஞ்சப்ப தேட வந்தவங்க கொஞ்ச நாள் தோண்டிப் பாத்துட்டு, முடியாதுன்னு போயிட்டாங்க. எம் பொண்டாட்டியும் ரெண்டு பொம்பளப் புள்ளைகளும் இன்னும் அதுக்கு அடியிலதான் கெடக்காங்க மிஸ். வெளிய எடுத்து, மொறையாப் பொதைச்சு, எங்கையால மூணு பிடி மண்ணு போட எனக்கு வேற வழி தெரியலீங்க.”