இன்னும் ஒரு வாரம் போகட்டும்

“இந்த வாரமாவது சொல்லிடுவீங்களா, இது சேவலா பெட்டையான்னு?”

தீவனக் கடை மேஜைமேல் கூடையை வைத்து, மூடியிருந்த துணியை விலக்கினாள் அவள். மூன்று கோழிக்குஞ்சுகள் கழுத்தை நீட்டிப் பார்த்தன. குஞ்சு என்று சொல்வதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான். பத்து வாரம் ஆகிவிட்டது, கூடை கொள்ளவில்லை.

கடைக்காரனுக்கு அந்த வட்டாரத்தில் ‘கோழி டாக்டர்’ என்று பெயர். எந்தக் குஞ்சைக் காட்டினாலும் என்ன இனம், சேவலா பெட்டையா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். இவளிடம் மட்டும்தான் ஏழு வாரமாக வாய் திறக்கவில்லை.

முதல் தடவை அவள் வந்தபோது குஞ்சுகளுக்கு வயது மூன்று வாரம். அடுத்த தெருவில் மாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்திருப்பதாகச் சொன்னாள். கொல்லையில் பெட்டைக் கோழி வளர்க்கலாம், சேவல் கூவினால் மட்டும் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்பது வீட்டுக்காரரின் கட்டளையாம்.

மூன்றில் அவள் சந்தேகப்பட்ட வரிபோட்ட குஞ்சை அவன் கையில் எடுத்தான். தலையில் அகலமான வெள்ளைப் பொட்டு, தடித்த மஞ்சள் கால். சேவலேதான். சொல்ல நிமிர்ந்தவன், அவள் முகத்தைப் பார்த்தான். இன்றைக்கே சொல்லிவிட்டால் இவள் மறுபடி எதற்கு வரப்போகிறாள் என்று தோன்றிவிட்டது.

“இன்னும் ஒரு வாரம் போகட்டுங்க. கொண்டை கொஞ்சம் தெரியட்டும்” என்றான்.

கொண்டை தெரிந்தது. அடுத்த வாரம் இறகு முளைக்கட்டும் என்றான். இறகு முளைத்ததும் வாலைக் காரணம் காட்டினான். வாலும் வளர்ந்துவிடவே, இனத்திலேயே சந்தேகமாக இருக்கிறது, தாய்வழி ஒன்று தகப்பன்வழி ஒன்று என்று முக்கால் மணி நேரம் விளக்கினான். அதில் பாதி அங்கேயே முளைத்த கதை. அவள் கன்னத்தில் கை வைத்து, “அப்படியாங்க?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று முழுவதும் தவிட்டை எடை போடுவதற்குப் பதில் சோளத்தைப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

கடையில் கூடவே இருந்த அவனுடைய அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை.

“டேய், அந்தக் கொண்டை செம்பருத்திப் பூ மாதிரி செவந்து நிக்குது. கண்ணு தெரியாதவன்கூடத் தடவிப் பார்த்துச் சொல்லிடுவான்டா.”

“உனக்குத் தெரியாதுக்கா. இது கலப்பினம்.”

“ஆமா, முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற இனம்.”

இன்றைக்கு அவள் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை. நாளைக்குள் முடிவு தெரிய வேண்டும் என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். அவனுக்கு இருதலைக்கொள்ளி எறும்பின் கதிதான். சொன்னால் அவள் வரமாட்டாள். சொல்லாவிட்டால் அவளுக்கு வீடே போய்விடும். வரிக்குஞ்சைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

“இன்னும் ஒரு வா…”

குஞ்சு அவன் கையிலேயே எம்பி நின்று, எண்ணெய் காணாத இரும்புக் கேட் போலக் கிறீச்சிட்டுக் கூவியது. அதன் முதல் கூவல்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டாள். அங்கிருந்து வந்த சத்தத்தைக் கேட்டால் யாரும் அழுகிறாள் என்று நினைக்க மாட்டார்கள்.

அவனுக்குக் காதுமடல் வரை சூடேறியது. “மன்னிச்சுடுங்க. முதல் நாளே தெரியும். இது சேவல், மத்த ரெண்டும் பெட்டை. சொல்லிட்டா நீங்க வரமாட்டீங்களோன்னுதான்…”

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கூடைத் துணியின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். அவனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. சேவல் கடையிலேயே இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றான். அவள் தலையாட்டினாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. சேவல் சாப்பிட்டதா, தூங்கியதா என்று தினமும் சொல்ல ஒரு போன் நம்பர் வேண்டுமே என்றான்.

அவள் ஒரு தீவனச் சீட்டின் பின்பக்கம் நம்பரை எழுதிக் கொடுத்தாள்.

“சாயங்காலமா கூப்பிடுங்க. பகல்ல ரெண்டு கையும் வேலையில இருக்கும், எடுக்க முடியாது.”

“அப்படி என்ன வேலைங்க?”

அவள் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, வந்த நாளாகக் காட்டாத ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

“குஞ்சு பொரிக்கிற பண்ணையில. அன்னன்னிக்குப் பொறந்த குஞ்சை எடுத்துப் பார்த்து, சேவல் ஒரு பக்கம் பெட்டை ஒரு பக்கம்னு பிரிச்சுப் போடணும். மணிக்கு எண்ணூறு குஞ்சு.”