ரயில்தான் வேண்டுமாம்

ப்ரோக்கன் ஹில்லின் மத்தியான வெயில் சமையலறை மேசைமேல் விழுந்து கிடக்கிறது. விடுமுறைக்கு சிட்னி போக ரயிலா, காரா, விமானமா என்று பேச்சு. விளம்பரத் தாள்கள் பரந்து கிடக்கின்றன. ரயில்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான் லாயிட். அவன் மனைவி மெரினுக்கு அதுதான் உறுத்துகிறது. கல்யாணமான நாளிலிருந்து ஸ்டீயரிங்கை யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனுஷன். "கார்லயே போலாம்ப்பா, வழியில கங்காரு பாக்கலாம்," என்கிறாள் மகள் டெஸ்ஸா. "அதுதான்டி பயமே. குறுக்க பாஞ்சிடும்," என்கிறான் லாயிட். "இத்தனை வருஷமா பாயாததா?" என்கிறாள் மெரின். அவன் தேநீருக்குக் கை நீட்டுகிறான். விரல்கள் மேசையைத் தடவித் தடவித்தான் கோப்பையைப் பிடிக்கின்றன. சன்னலுக்கு வெளியே நிற்கும் காரின் பக்கவாட்டில் நீளமாக ஒரு புதுக் கீறல். கடை வாசலில் எவனோ உரசிவிட்டுப் போனான் என்று லாயிட் சொல்லியிருந்தான். கீறலில் ஒட்டியிருப்பதோ அவர்கள் வீட்டு கேட்டின் பச்சைப் பெயிண்ட்.

மெரின் ஒரு தாளை எடுத்து அவன் கையில் வைக்கிறாள். "ரயில் எத்தனை மணிக்குன்னு படி, பாப்போம்." அவன் தாளை உயர்த்திப் பிடிக்கிறான். "காலைல ஏழே முக்கால்," என்கிறான், கொஞ்சமும் தடுமாறாமல். அவள் கொடுத்தது விமானத் தாள். "சரி, ரயில்லயே போவோம்," என்கிறாள் மெரின். ஆணியில் தொங்கும் கார்ச் சாவியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொள்கிறாள். சாவி கிணுகிணுக்கிறது. லாயிட் திரும்பிப் பார்க்கவில்லை.