சல்லடைத் தீர்ப்பு

"ரவை மாதிரி உடைச்சுக் குடுங்க, போதும்."

"ஐயையோ, அதெல்லாம் கூடாது! நைஸா அரைங்க!"

மாவு மில்காரம்மா சுவிட்சில் வைத்த கையை எடுத்துவிட்டார். மக்காச்சோளம் முழுவதும் மெஷின் வாயில் கொட்டியாகிவிட்டது. இங்கேயோ ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறார்கள்.

"நாளைக்கு பேக்கரியில என் கேக்கை ருசி பார்க்கப் போறாங்க. பிடிச்சாத்தான் எனக்கு அங்க வேலை. குருணை குருணையா மாவைப் போட்டா கேக்கா வரும்? செங்கல்தான் வரும்!" என்றாள் அந்தப் பெண்.

"நைஸா அரைச்சா என் கஞ்சி பசையாயிடும். அதை வச்சு போஸ்டரா ஒட்டுறது?" என்றார் பக்கத்தில் நின்ற மனிதர்.

"ஒரு நாள் கஞ்சி குடிக்கலன்னா இளைச்சா போயிடுவீங்க?"

"நீங்க ஒரு நாள் கேக் சுடலன்னா ஊரே பட்டினி கிடக்குமா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னைக்கு யார் முகத்துல முழிச்சேனோ!"

"வேற யார் முகத்துல? இதோ நிக்கிறாரே, இவர் முகத்துலதான்" என்று மில்காரம்மா சிரித்தார்.

"அட, நீங்க வேற! முதல்ல நான் சொல்றதைக் கேளுங்கம்மா..." என்றாள் அவள்.

"நான் கேட்காத கதையா?"

மில்காரம்மாவுக்கு மாவு அரைப்பதைவிடப் பஞ்சாயத்து பண்ணுவது பிடிக்கும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தே விட்டார்.

"இவ்வளவு கோபத்துலயும் ரெண்டு பேரும் வாங்க, போங்கன்னுதான் பேசிக்கறீங்க. எங்க வீட்டுல 'ஏய்'னு ஆரம்பிச்சாத்தான் பேச்சே வரும். இப்படித் தங்கமா இருக்கறவங்க, கேவலம் சோளத்துக்காகவா முட்டிக்கணும்?"

"அம்மா, விஷயம் அது இல்ல..." என்று அவர் வாயெடுத்தார்.

"நீங்க சும்மா இருங்க. அந்தப் பொண்ணு கண்ணைப் பாருங்க."

அவள் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. இந்த கேக்கைத்தான் மலைபோல் நம்பியிருந்தாள்.

அவருக்கு என்னவோ போலாகிவிட்டது. "சரி, அழாதீங்க. நைஸாவே அரைக்கட்டும். நான் கஞ்சியை மறந்துடறேன்."

"வேண்டாம், பாவம். உங்க வாய்ல மண்ணைப் போட்டுட்டு எனக்கு ஒரு வேலையா?"

மில்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதைத்தான் எதிர்பார்த்தேன். இனி என் பொறுப்பு."

மெஷின் ஓடியது. விழுந்ததைப் பெரிய சல்லடையில் போட்டுச் சலித்தார். கீழே பவுடர் மாதிரி மாவு, மேலே மணிமணியாக ரவை. அவள் விரலால் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். அவர் ஒரு பிடி அள்ளிப் பார்த்துத் தலையாட்டினார்.

"ரெண்டையும் கட்டி ஒரே பையில வைக்கறேன். வீடு போய்ச் சேர்ற வரைக்குமாவது சண்டை போடாம போங்க."

"தனித்தனிப் பையில குடுங்கம்மா. எங்க வீடு இந்தப் பக்கம். அவர் வீடு எந்தப் பக்கமோ!"

மில்காரம்மா நெஞ்சில் கை வைத்தார். "ஐயோ, தனித்தனியாவா இருக்கீங்க? எத்தனை நாளா?"

"பொறந்ததுல இருந்தே!" என்றாள் அவள். "வரிசையில எனக்கு முன்னாடி நின்னவர் சோளத்தோட, நான் சொல்லச் சொல்லக் கேட்காம என் சோளத்தையும் சேர்த்துக் கொட்டினது நீங்கதானே?"