இடக்கை வெட்டிய சூரியன்

பயிற்சி அறையில் போட்டிருப்பவை குழந்தைகளின் நாற்காலிகள். முழங்கால் தாடையில் இடிக்க, டீச்சர்கள் எல்லாரும் மழுங்கல் கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்துக்கொண்டு திண்டாடுகிறார்கள். "எழுதுற கை மடியிலேயே இருக்கட்டும். உங்க பிள்ளைங்களுக்கு ரெண்டு கையுமே இப்படித்தான்," என்கிறார் பயிற்சி கொடுக்க வந்தவர். காகித வேலை மூத்த டீச்சருக்குக் கைவந்த கலை. மழலை வகுப்புப் பிள்ளைகள் வெட்டும் சூரியன்களை, பெற்றோர் பார்க்கும் முன் ஓரம் நறுக்கி வட்டமாக்கிச் சுவரில் ஒட்டுபவர் அவர்தான். இப்போது அவருடைய மஞ்சள் தாள் கத்தரிக்கோலின் வாயில் மடங்கிக்கொண்டு, வெட்டுப்பட மாட்டேன் என்கிறது. அவரை அறியாமல் நாக்கு உதட்டோரம் எட்டிப் பார்க்கிறது. ஒருவழியாகச் சூரியன் தாளிலிருந்து கழன்று மடியில் விழுகிறது. பழக்கதோஷத்தில் வலக்கை ஓரத்தைச் சரிசெய்ய எழுகிறது. பயிற்சியாளரின் பார்வை பட்டதும் அடங்குகிறது. வேறு வழியில்லாமல் சூரியனை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்க்கிறார். வெயில் ஒவ்வொரு பிசிறிலும் பற்றிக்கொள்கிறது. நேராக ஒரு கோடுகூட இல்லாத அந்த ஓரம், சுற்றிலும் கொழுந்துவிட்டு எரிகிறது. அவர் அதை மெல்லத் திருப்ப, ஓரமும் அசைந்து எரிகிறது. முகமெல்லாம் மஞ்சள். மூச்சுவிட்டால் அணைந்துவிடும்போல அப்படியே உட்கார்ந்திருக்கிறார். "என்னக்கா, எலி கடிச்சு வச்ச மாதிரி இருக்கு. குடுங்க, ரெண்டு வெட்டுல சரி பண்ணித் தர்றேன்," என்று சிரித்தபடி பக்கத்து டீச்சர் கை நீட்டுகிறாள். மூத்த டீச்சர் சூரியனை நெஞ்சோடு சேர்த்துக்கொள்கிறார். "தொடாத," என்கிறார், நாலு வயதுக் குரலில். "இது நானா செஞ்சது."