சட்டையில்லாத நீச்சல்

ஏரியின் மணல்கரையில் கோடைக் கூட்டம். தானே நீந்தும் சட்டையை மாட்டிக்கொண்டு எல்லோரும் தண்ணீரில் சும்மா கிடந்தார்கள், சட்டை இழுத்துக்கொண்டு போனது. கிழவர் செங்கோடனுக்கு எந்த மெஷினையும் நம்பிப் பழக்கமில்லை. ஆனாலும் நீச்சல் தெரியாதே. அவரும் அந்தச் சட்டையை மாட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டு முழங்கால் தண்ணீரில் நின்றார்.

அவர் மனைவி பாவாயி தன் நீச்சல் சட்டையைக் கழற்றிக் கரையில் வீசினாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் பாய்ந்தாள்.

“ஏ புள்ள, செத்துருவே!” என்று அலறினார் செங்கோடன்.

சட்டையில்லாத ஆளைக் கண்டதும் ட்ரோன் பறந்துவந்து கயிறு இறக்கியது. “பயப்படாதீர்கள், பிடித்துக்கொள்ளுங்கள்” என்றது.

“எனக்கென்ன பயம்? தள்ளிப் போ சாமி!” கயிற்றை ஒதுக்கிவிட்டு நடு ஏரிவரை நீந்தித் திரும்பினாள். மனுஷர் தம் கைகாலால் நீந்தி அந்தக் கூட்டம் பார்த்ததேயில்லை. கை தட்டினார்கள்.

காவலாளி ஓடிவந்தான். “சட்டையில்லாம யாருங்க அந்தம்மா?”

“என்ற பொண்டாட்டி!” ஏரி முழுக்கக் கேட்கும்படி கத்தினார் செங்கோடன். “அப்பன் கெணத்துல நீச்சல் பழகுனேன்னு கல்யாணமான நாளாச் சொல்றா. புளுகறாள்னு நெனச்சேன்!”

பாவாயி ஈரக் கையை நீட்டினாள். “சட்டையக் கழட்டுங்க மாமா. நான் புடிச்சுக்கறேன்.”

செங்கோடன் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு பொத்தானாக அவிழ்த்தார்.